எந்தூசியாஸ்டிக்கலியா, ஈகர்லியா? 'ஆர்வத்துடன்' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைத் தேர்வது

ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதமோ பரிந்துரைக் கடிதமோ செய்திக் குறிப்போ எழுதும் தமிழர்கள் பலர் ஓரிடத்தில் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 'ஆர்வத்துடன்' என்னும் சொல் மனத்தில் ஆயத்தமாக இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் எதை இடுவது என்பதில்தான் சிக்கல். அகராதியைப் புரட்டினால் எந்தூசியாஸ்டிக்கலி, ஈகர்லி, கீன்லி, ஆவிட்லி, ஸெலஸ்லி, ஃபெர்வண்ட்லி, ஹோல்ஹார்ட்டட்லி எனச் சொற்கள் வரிசை கட்டி நிற்கும். இவற்றுள் பலவற்றுக்கும் ஆர்வம், ஆவல், உற்சாகம், ஊக்கம் என்னும் அதே நான்கைந்து சொற்களே மாறி மாறிப் பொருளாகக் கிடைப்பதால், எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு எழுதப்படும் கடிதம் இலக்கணப் பிழை ஏதும் இல்லாமலேயே படிப்பவருக்கு உறுத்தும். எழுதியவர் பணிவைக் காட்ட நினைத்த இடத்தில் அவசரமும், மகிழ்ச்சியைச் சொல்ல நினைத்த இடத்தில் வெறியும் தொனித்துவிடும்.

இச்சொற்களின் வேறுபாட்டை ஆர்வத்தின் அளவைக் கொண்டு பிரிக்க முயல்வோர் உண்டு. இது கொஞ்சம் ஆர்வம், அது நிறைய ஆர்வம் என்று. அந்த வழி எங்கும் கொண்டுசேர்க்காது. ஆர்வம் எந்தத் திசையை நோக்கியது என்று கேட்பதே பயனுள்ள வழி. செய்துகொண்டிருக்கும் செயலில் வெளிப்படும் ஆர்வம் ஒன்று, இனி வரப்போவதை எதிர்நோக்கும் ஆர்வம் இன்னொன்று. எவ்வளவு கிடைத்தாலும் அடங்காத பசி வேறு, ஒரு கொள்கையைக் காக்கும் முனைப்பு வேறு. இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், ஏழு சொற்களில் ஐந்து தாமாகவே விலகிவிடும்.

முதலில் எந்தூசியாஸ்டிக்கலி. செயலில் வெளிப்பட்டு, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் ஆர்வத்தை இச்சொல் குறிக்கிறது. கூட்டம் கைதட்டுவது, ஒரு திட்டத்தை வரவேற்பது, அழைப்பை ஏற்பது, ஒருவரை ஆதரிப்பது, கேள்விக்கு முகமலர்ந்து விடை சொல்வது போன்ற வெளியே தெரியும் வினைகளோடு அது இயல்பாகச் சேரும். நம்புதல், அறிதல், காத்திருத்தல் போன்ற உள்ளே நிகழும் வினைகளோடு சேர்த்தால் வாக்கியம் நொண்டும். 'எந்தூசியாஸ்டிக்கலி ஹோப்' என்று ஆங்கிலேயர் எழுதுவதில்லை. அந்த இடத்துக்கு வேறு சொல் உண்டு, பின்னர் வருகிறேன். எனவே இச்சொல்லுக்கான சோதனை எளியது. அந்த ஆர்வத்தை ஒருவர் நிழற்படம் எடுத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் எந்தூசியாஸ்டிக்கலி பெரும்பாலும் பொருந்தும்.

இன்று இவ்வளவு இனிமையாக ஒலிக்கும் இச்சொல்லின் வேர், ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் வசையாக இருந்தது. கிரேக்கத்தில் 'எந்தியோஸ்' என்றால் இறைவனைத் தன்னுள் கொண்டவர் என்று பொருள். நம் ஊரில் அருள் வந்தவர் என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அந்த நிலை. 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கடவுள் தன்னிடம் நேரே பேசினார் என்று சொல்லிக்கொண்டு திருச்சபையையும் அறிவையும் புறந்தள்ளியவர்களை 'எந்தூசியாஸ்ட்' என்று இகழ்ந்தார்கள். தத்துவ அறிஞர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலின் 1700ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த மனநிலையைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தார். டேவிட் ஹியூம் 1741இல் மூடநம்பிக்கையையும் இதையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி மீதே இந்தக் குற்றச்சாட்டு ஓயாமல் சுமத்தப்பட்டதால், 1750இல் அச்சான ஒரு மறையுரையில் அச்சொல்லின் இயல்பையே அவர் ஆராய வேண்டியிருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலும், தனக்கு மட்டும் தெய்வ வெளிப்பாடு கிடைத்ததாகக் கொள்ளும் வீண் நம்பிக்கை என்பதே 'எந்தூசியாஸம்' என்பதற்கு முதற்பொருள். கற்பனையின் உயர்வு என்ற நற்பொருள் அங்கே மூன்றாமிடத்தில்தான் நிற்கிறது. அந்த நற்பொருள் பிற்காலத்தில் மேலே வந்து, மதக் கறை முழுவதும் கழன்று, இன்று பள்ளி மதிப்பீட்டு அட்டையிலும் இச்சொல் அச்சமின்றி இடம்பெறுகிறது. பழைய ஆங்கில உரைநடையை மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் இந்த வரலாற்றை நினைவில் வைத்தே ஆக வேண்டும். 1740களின் ஒரு கடிதத்தில் ஒருவரை 'எந்தூசியாஸ்ட்' என்று குறிப்பிட்டிருந்தால், அதை 'ஆர்வலர்' என்று தமிழாக்குவது அந்தக் கடிதத்தைத் தலைகீழாக்கிவிடும்.

இனி ஈகர்லி. இது இனி வரப்போவதை நோக்கி முன்சாய்ந்து நிற்கும் ஆர்வம். தமிழில் 'ஆவல்' என்ற சொல்லுக்கு மிக நெருக்கமானது இதுவே. 'ஈகர்லி அவெயிட்டட்', 'ஈகர்லி ஆன்டிசிபேட்டட்' என்னும் தொடர்கள் ஆங்கிலத்தில் கெட்டித்துப்போனவை. தேர்வு முடிவு, புதிய படம், குழந்தையின் பிறப்பு, தொலைவிலிருந்து வரும் கடிதம் என எது இன்னும் கைக்கு வரவில்லையோ, அதைக் குறித்த விருப்பம் ஈகர்லி. இலத்தீனில் கூர்மையையும் புளிப்பையும் குறித்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. 'வினிகர்' என்பதன் பின்பாதியும் அதே வேர்தான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் கோட்டைச் சுவரின் மேல் வீசும் இரவுக் காற்றுக்கு 'ஈகர்' என்ற அடை வருகிறது. அங்கே அதற்குச் சுள்ளென்று குத்தும் குளிர் என்று பொருள். அந்தக் கூர்மையின் சாயல் இன்றும் சொல்லில் எஞ்சியிருக்கிறது. ஈகர்லி காத்திருப்பவருக்குப் பொறுமை சற்றுக் குறைவு.

இரண்டையும் ஒரே காட்சியில் வைத்தால் வேறுபாடு தெளிவாகும். பள்ளிப் பிள்ளைகள் கோளரங்கத்தின் வாசலில் கதவு திறப்பதை ஈகர்லி எதிர்பார்த்து நிற்கிறார்கள்; உள்ளே போனதும் விளக்குபவரின் கேள்விகளுக்கு எந்தூசியாஸ்டிக்கலி விடை சொல்கிறார்கள். இந்த இரண்டு சொற்களையும் இடம் மாற்றினால் முதல் பாதி உடனே பிழையாகத் தோன்றும். இரண்டாம் பாதியில் அப்படித் தோன்றாது. வாக்கியம் சரியாகவே இருக்கும், ஆனால் பொருள் நகர்ந்திருக்கும். ஈகர்லி விடை சொல்லும் பிள்ளை, முதலில் கை தூக்கி ஆசிரியரின் பார்வையைப் பெற விரும்பும் பிள்ளை. எந்தூசியாஸ்டிக்கலி விடை சொல்லும் பிள்ளைக்கு விண்மீன்களையே பிடித்திருக்கிறது. ஒரு மாணவரைப் பற்றிப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் இந்த நகர்வை அறிந்திருக்க வேண்டும். 'ஈகர் டு ப்ளீஸ்' என்ற தொடர், பிறரை மகிழ்விக்கத் துடிப்பவர் என்று சொல்லி, கூடவே சொந்த முதுகெலும்பு சற்று வலுவற்றவர் என்ற குறிப்பையும் தந்துவிடும். அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'ஈகர் பீவர்' என்பதும் பாராட்டுப்போல் ஒலித்தாலும், தேவைக்கு மேல் முந்திக்கொள்பவர் என்ற பழியைத் தாங்கியது.

ஈகர்லியோடு சேர்ந்து இங்கே பரவலாகக் காணும் இரு வழுக்களையும் குறிப்பிட்டுவிடுகிறேன். 'ஈகர்லி அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்று நம் கடிதங்கள் பல முடிகின்றன. அவெயிட் என்னும் வினை தானே செயப்படுபொருளை ஏற்பது. 'ஃபார்' அதற்குத் தேவையில்லை. வெயிட் என்று எழுதினால்தான் 'ஃபார்' வரும். இன்னொன்று, 'ஆங்ஷியஸ்லி வெயிட்டிங்' என்று எழுதுவது. ஆங்ஷியஸ்லி என்பதில் கவலையும் பதற்றமும் இருக்கின்றன. மருத்துவப் பரிசோதனை முடிவுக்கு ஒருவர் ஆங்ஷியஸ்லி காத்திருப்பார், நண்பரின் திருமணத்துக்கு அப்படிக் காத்திருக்க மாட்டார். 'ஆங்ஷியஸ் டு' என்பதை 'ஈகர் டு' என்பதற்குப் பதிலாக எழுதும் வழக்கம் ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும் உண்டு, அதைக் கண்டிக்கும் நடைக் கையேடுகளும் உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் போகாமல், மகிழ்ச்சி என்றால் ஈகர்லி, கவலை என்றால் ஆங்ஷியஸ்லி என்று வைத்துக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

மற்றச் சொற்களில் ஆவிட்லியையும் கீன்லியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆவிட்லி, ஏங்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. படித்தல், பார்த்தல், சேகரித்தல், பின்தொடர்தல் என உட்கொள்ளும் வினைகளுக்கே அது உரியது. 'ஆவிட் ரீடர்' என்றால் கையில் கிடைப்பதையெல்லாம் படித்துத் தீர்ப்பவர். ஒரு முறை நடந்து முடியும் செயலுக்கு இது ஒவ்வாது; பழக்கமாகத் தொடர வேண்டும். கீன்லி பழைய ஆங்கிலத்தில் துணிவைக் குறித்து, பின் கூர்மையைக் குறித்து, அதன் பிறகே ஆர்வத்துக்கு வந்தது. ஆர்வத்தைவிடக் கூர்மையே இன்றும் அதில் மேலோங்குகிறது. கூர்ந்து கவனித்தல், நன்கு உணர்ந்திருத்தல், கடும் போட்டி ஆகியவற்றுக்கு அது வரும். இழப்பின் வலியையும் 'கீன்லி ஃபெல்ட்' என்று சொல்வதால், உற்சாகம் மட்டுமே சொல்ல வேண்டிய இடத்தில் கீன்லியை நம்பியிருக்க வேண்டாம்.

ஸெலஸ்லி நின்று பேச வேண்டிய சொல். ஒரு கொள்கையையோ உரிமையையோ கடமையையோ விட்டுக்கொடுக்காமல் காக்கும் முனைப்பை அது சொல்கிறது; காத்தல் என்னும் வினையோடு சேர்ந்து 'ஸெலஸ்லி கார்டட்' என்று வருவதே அதன் இயல்பான வாழிடம். தமிழ் நாவில் முதல் ஒலி ஜகரமாகிவிடுவதால் ஸெலஸ், ஜெலஸ் என்னும் இரண்டும் நம் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. வியப்பு என்னவென்றால், அவை இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் இரு பிள்ளைகள்தாம். பொறாமையும் வைராக்கியமும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை என்பதை நினைவில் வைத்தால், ஸெலஸ்லி ஏன் எப்போதும் சற்று அச்சமூட்டுகிறது என்பதும் புரியும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1969இல் வகுத்த தொழில்நெறித் தொகுப்பு, வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகச் சட்டத்தின் வரம்புக்குள் நின்று ஸெலஸ்லி செயல்பட வேண்டும் என்றது. 'சட்டத்தின் வரம்புக்குள்' என்ற வேலியை அந்த வரியிலேயே போட வேண்டியிருந்ததைக் கவனியுங்கள். 1983இல் வந்த புதிய மாதிரி விதிகளில், விதியின் வாசகம் நியாயமான விடாமுயற்சியைத்தான் கேட்கிறது. அந்தப் பழைய சொல் முன்னுரைக்கும் விளக்கக் குறிப்புகளுக்கும் ஒதுங்கிவிட்டது. எந்தூசியாஸ்டிக்கலிக்கு இப்படி ஒரு வேலி தேவைப்படுவதில்லை. ஆகவே, வேலை விண்ணப்பத்தில் 'நான் ஸெலஸ்லி உழைப்பேன்' என்று எழுதுவதைத் தவிர்ப்பதே நல்லது. சக ஊழியர்களோடு ஒத்துப்போக மாட்டாரோ என்ற ஐயத்தை அது எழுப்பும்.

ஃபெர்வண்ட்லி, கொதித்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்து, வேண்டுதலுக்கும் நம்பிக்கைக்கும் உரியதாக நிலைத்தது. மேலே எந்தூசியாஸ்டிக்கலிக்கு ஒவ்வாது என்று சொன்ன 'ஹோப்' என்னும் வினை இதனோடு சேரும். 1865 மார்ச் 4 அன்று இரண்டாம் முறை பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன், உள்நாட்டுப் போர் என்னும் கொடுந்துன்பம் விரைவில் நீங்க வேண்டும் என்று தாங்கள் ஃபெர்வண்ட்லி வேண்டுவதாகச் சொன்னார். அந்த இடத்தில் எந்தூசியாஸ்டிக்கலியை வைத்துப் பாருங்கள். போரால் சிதைந்த ஒரு நாட்டின் பிரார்த்தனைக்குள் கைதட்டல் ஓசை புகுந்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருவோம், தேர்வு உண்மையில் கடினமாவது இங்கேதான். 'ஐ ரெகமெண்ட் ஹர்' என்பதற்கு முன் எதை இடுவது? ஸ்ட்ராங்லி என்பது அழுத்தத்தைச் சொல்லும். தேய்ந்துபோன சொல்லானாலும் தீங்கில்லாதது. ஹோல்ஹார்ட்டட்லி என்பது முழு மனத்தோடு, எந்தத் தயக்கத்தையும் உள்ளே ஒளித்து வைக்காமல் என்று பொருள்படும். எந்தூசியாஸ்டிக்கலி என்பது, இவரைப் பற்றி எழுதுவதே எனக்கு மகிழ்ச்சி என்று சொல்லும். ஹோல்ஹார்ட்டட்லி ஐயமின்மைக்குச் சான்று, எந்தூசியாஸ்டிக்கலி அன்பின் வெதுவெதுப்புக்குச் சான்று. மாணவரிடம் ஏதேனும் குறை இருந்து, அதை மீறியும் அவரை நம்புகிறீர்கள் என்றால் ஹோல்ஹார்ட்டட்லியே வலுவானது. ஆய்வகத்தில் அவர் செய்த ஒரு காரியம் உங்களை வியக்க வைத்தது என்றால் எந்தூசியாஸ்டிக்கலி எழுதுங்கள்; அடுத்த வரியிலேயே அந்தக் காரியம் என்னவென்று சொல்லுங்கள். அந்த அடுத்த வரி இல்லாமல் தனியே நிற்கும் எந்தூசியாஸ்டிக்கலியை, இதுபோன்ற கடிதங்களை நாள்தோறும் படிக்கும் சேர்க்கைக் குழுவினர் கண்ணெடுத்தும் பாரார்.

சொந்த விண்ணப்பத்தில் நிலைமை வேறு. தன் ஆர்வத்தைத் தானே 'எந்தூசியாஸ்டிக்கலி' என்று வருணித்துக்கொள்வது, தன் சமையலைத் தானே ருசியென்று பரிமாறுவதைப் போன்றது. பார்ப்பவர் சொல்ல வேண்டிய சொல்லைச் செய்பவர் சொல்லிக்கொள்ளும்போது அதன் எடை குறைகிறது. அங்கே 'ஈகர் டு லேர்ன்' என்பது ஏற்கத்தக்கது, ஏனெனில் இனி வரப்போவதைக் குறித்த தன் விருப்பத்தைச் சொல்லும் உரிமை தனக்கே உண்டு. கடிதத்தின் முடிவில் 'ஈகர்லி அவெயிட்' என்பது மட்டும் பதிலுக்கு நெருக்குவதுபோல் படும். 'லுக் ஃபார்வர்ட் டு' என்னும் அமைதியான தொடரே அந்த இடத்துக்குப் போதும். என் பரிந்துரை, விண்ணப்பத்தில் இந்த வினையடைகளில் ஒன்றுக்கு மேல் இடம்பெற வேண்டாம் என்பதே.

எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் அதை வைக்கும் இடம் முக்கியம். 'ஷி அக்ரீட் டு சிங் எந்தூசியாஸ்டிக்கலி' என்ற வாக்கியத்தில் உற்சாகம் ஒப்புக்கொண்டதிலா, பாடுவதிலா? தமிழில் 'உற்சாகமாகப் பாட ஒப்புக்கொண்டாள்' என்றாலும் இதே குழப்பம் உண்டு. ஒப்புக்கொண்டதைக் குறிக்க வேண்டுமானால் அடையை அக்ரீட் என்பதற்கு முன் கொண்டுபோக வேண்டும். அதேபோல, வினைக்கும் சிறிய செயப்படுபொருளுக்கும் நடுவே அடையைச் செருகக் கூடாது. திட்டத்தை உற்சாகமாக வரவேற்றார்கள் என்பதற்கு 'எந்தூசியாஸ்டிக்கலி வெல்கம்ட் த ப்ளான்' என்றோ, அடையைக் கடைசியில் வைத்தோ எழுதலாம். 'வெல்கம்ட் எந்தூசியாஸ்டிக்கலி த ப்ளான்' ஆகாது. எழுத்துக்கூட்டலில், 'ஐசி' என்று முடியும் பெயரடைகள் 'ஏஎல்எல்ஒய்' சேர்ந்தே வினையடையாகும். பப்ளிக்லி நன்கறிந்த விலக்கு. ஆயினும் உச்சரிப்பில் அந்த 'ஏஎல்' ஒலிப்பதில்லை. நான்காம் அசையில் அழுத்தம் தந்து 'என்-தியூ-ஸி-யாஸ்-டிக்-லி' என்று ஆறு அசைகளில் சொல்வார்கள். 'ஈகர்லி அவெயிட்டட் ஃபில்ம்' போன்ற தொடர்களில் வினையடைக்குப் பின் இடைக்கோடு போடுவதும் தேவையற்றது. எதிர்மறையில் ஒரு நயம் உண்டு. 'லெஸ் தேன் எந்தூசியாஸ்டிக்கலி' என்பது சொல்லளவில் உற்சாகக் குறைவு. பொருளளவில் வேண்டா வெறுப்பு. ஆங்கில அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்கள் இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அந்த நாகரிகமான மறுப்பு காணாமல் போய்விடும்.

கடைசியாக, தமிழ்ச் செய்தியை ஆங்கிலமாக்குவோர் அடிக்கடி சந்திக்கும் ஒரு வரி. தேர்தல் நாள்தோறும் 'வாக்காளர்கள் ஆர்வத்துடன் வாக்களித்தனர்' என்று நம் செய்திகளில் வருகிறது. எந்தூசியாஸ்டிக்கலி என்றால் வாக்குச்சாவடிக்குள் அவர்கள் மகிழ்ச்சியை வெளிக்காட்டினார்கள் என்றாகும். ஈகர்லி என்றால் வாக்களிக்கத் துடித்தார்கள் என்றாகும். ஃபெர்வண்ட்லி என்றால் ஏதோ பிரார்த்தனை போலாகும். செய்தியாளர் கண்டதோ காலை ஏழு மணிக்கு முன்பே நீண்ட வரிசை, வெயில் ஏறிய பின்பும் கலையாத கூட்டம், தடியூன்றி வந்த மூத்தோர். அந்த இடத்தில் ஏழு சொற்களையும் விட்டுவிட்டு, வாசல் திறக்கும் முன்பே வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது என்று ஆங்கிலத்தில் எழுதுவதே நான் தேர்வது. பிறகு வாக்களித்துவிட்டு வெளியே வந்த ஒரு முதல்முறை வாக்காளர், மையிட்ட விரலை உயர்த்திக் காட்டிச் செய்தியாளரிடம் பேசினார் என்றால், அந்த ஒரு வரிக்கு எந்தூசியாஸ்டிக்கலியைத் தயங்காமல் இடலாம்.